தண்டு பதிந்த முதுகு

முதுகில் கட்டி என்று ஒருவன் வந்தால், இப்போது கட்டியைச் சுற்றி ஊசி குத்தி அந்த இடத்தை மட்டும் மரத்துப்போக வைத்துவிடுகிறார்கள். அவன் குப்புறப் படுத்தபடி வாசலில் நிற்கும் மச்சானோடு உழவு மாட்டைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறான். பேச்சு முடிவதற்குள் கட்டி தட்டில் கிடக்கிறது. போன மாதம் பழைய முகங்களைப் பார்க்கலாம் என்று ஆஸ்பத்திரிக்குப் போனபோது இதை நானே நின்று பார்த்தேன். நல்ல வேலைதான், குறை சொல்லவில்லை. ஆனால் அங்கே காயத்துக்குக் கட்டுப்போடுகிற இளவட்ட டிரஸ்ஸர்கள் என்னைப் பார்த்து, "அந்தக் காலத்துல என்ன செஞ்சிய அண்ணாச்சி? கையக் காலக் கட்டிப்போட்டுல்லா அறுத்திருப்பிய?" என்று கேட்டுச் சிரித்தார்கள்.

கட்டிப்போட்டு யாரும் அறுக்கவில்லை. நான் உறங்க வைத்தேன், பெரிய டாக்டர் அறுத்தார். ஜெர்மன் சண்டைக்கு முந்திய அந்த வருஷங்களில், பாளையங்கோட்டையில் எங்கள் மிஷன் ஆஸ்பத்திரியில் கத்தி எடுக்கும் நாளன்று நோயாளியின் தலைமாட்டில் நின்றவன் இந்த ஞானமுத்துதான். நோயாளியின் முகத்திலிருந்து நான் மயக்க முகமூடியை எடுக்கிற வரைக்கும் பெரிய டாக்டரே என் சொல் கேட்டுத்தான் நிற்க வேண்டும். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை என்று சொன்னால் பொய். பெருமைதான்.

நான் படித்தது மூன்றாம் வகுப்பு. ஆஸ்பத்திரியில் சேர்ந்தது தண்ணீர் சுமக்க. தண்ணீர் கொதிக்கவைக்கிற அடுப்படியில் நின்றவன் ஆயுதங்களையும் கொதிக்கவைத்தேன். கொதிக்கவைத்தவன், அவற்றின் பெயர் கற்றேன். பெயர் தெரிந்தவன் எடுத்துக் கொடுத்தேன். யாரும் என்னை உட்காரவைத்துப் பாடம் நடத்தவில்லை. நாலைந்து வருஷத்தில் ஆளை உறங்க வைக்கிற குளோரோபாரம் குப்பி என் கைக்கு வந்துவிட்டது. அவ்வளவுதான் என் பள்ளிக்கூடம்.

பெரிய டாக்டர் மதராஸில் படித்த தமிழர். ஒல்லியான ஆள். நோயாளியைத் தொடுவதற்கு முன் வெந்நீரில் கையை வைத்துச் சூடாக்கிக்கொள்வார். குளிர்ந்த கை பட்டால் முதுகுச் சதை இறுகிவிடும், இறுகினால் கட்டி தன் குணத்தைக் காட்டாது என்பார். தொட்டதும் கண்ணை மூடிக்கொள்வார். அந்த நேரம் யாரும் மூச்சுவிடக் கூடாது. சந்தோஷமாக இருந்தால் என்னை "ஏ ஞானமுத்து" என்பார். கோபம் வந்தால் மரியாதை கூடிவிடும். "ஞானமுத்து அவர்களே" என்றாரானால் ஆஸ்பத்திரி முழுக்க அடங்கிவிடும்.

முதுகுக் கட்டி என்றால் லேசாக நினைத்துவிடக் கூடாது. பெரும்பாலும் அது வெறும் கொழுப்பு. வலிக்காது, பழுக்காது, பல வருஷம் கிடக்கும். விரலால் ஓரத்தை அழுத்தினால் ஈரப் புளியங்கொட்டை மாதிரி நழுவி ஓடும். மேல்தோல் தனியாக நகரும், கட்டி தனியாக நகரும். அப்படியிருந்தால் டாக்டர் கண்ணைத் திறந்து, "சாது" என்பார். ஆனால் பார்வைக்கு அதே மாதிரி மெத்தென்று இருக்கிற இன்னொன்று உண்டு: முதுகெலும்பு அரித்து, அதிலிருந்து இறங்கிவந்து தேங்குகிற சீழ். அதைக் கொழுப்பென்று நினைத்துக் கீறிவிட்டால் பிறகு புண் மூடவே மூடாது, ஆளையே கொண்டுபோய்விடும்.

அதைக் கண்டுபிடிக்க டாக்டர் ஒரு வழி வைத்திருந்தார். பேசிக்கொண்டே தன் சாவிக்கொத்தைத் தரையில் நழுவவிடுவார். நோயாளி மரியாதைக்கு எடுத்துக்கொடுக்கக் குனிவான். இடுப்பை வளைத்துக் குனிந்தால் எலும்பு நன்றாயிருக்கிறது. முதுகை வளைக்காமல், முழங்காலை மடக்கி, ஒரு கையைத் தொடையில் ஊன்றிப் பைய உட்கார்ந்து எடுத்தால் எலும்பில் கோளாறு. விக்கிரமசிங்கபுரத்து நூல் மில்லிலிருந்து ஒருவர் கட்டியைக் காட்டி, "இன்னைக்கே வெட்டிவிடுங்க, நாளைக்கு வேலைக்குப் போகணும்" என்று அவசரப்பட்டார். சாவி விழுந்தது. அவர் உட்கார்ந்து எடுத்தார். டாக்டர் கத்தியைத் தொடவே இல்லை. மாசக்கணக்கில் படுக்கையில் மல்லாக்கப் போட்டே காப்பாற்றினார். அதற்குப் பிறகு எனக்குத் தெருவில் யார் குனிந்தாலும் முதுகைப் பார்க்கிற வழக்கம் வந்துவிட்டது.

இதையெல்லாம் சொல்வது சுடலைமுத்துவின் கதைக்கு வருவதற்காக.

கல்லிடைக்குறிச்சிக்கு மேற்கே ஆற்றோரத்துச் சிற்றூர் ஒன்றில் சாமி சப்பரம் தூக்குகிறவர் அவர். சப்பரத்தைத் தாங்குகிற நீளக் கழியைத் தண்டு என்பார்கள்; இவர் முன்தண்டில் வலது பக்கம். சப்பரம் தூக்குவதில் முன்தண்டு என்பது சும்மா கிடைக்கிற இடம் இல்லை. பின்னால் வருஷக்கணக்கில் சுமந்து, பிடரியில் தோல் தடித்துக் காய்ப்பு ஏறினவனுக்குத்தான் அந்த இடம். இவருக்குப் பிடரிக்குக் கீழே, முதுகின் மேற்புறம் வலதுபக்கமாக, ஒரு மேடு வந்திருந்தது. ஊரே அதைக் காய்ப்பு என்று நினைத்தது. அவரும் அப்படித்தான் நினைத்தார். மற்றவனுக்கெல்லாம் தோல் தடித்தால் இவருக்கு மலையே எழும்பியிருக்கிறது, சாமி இவர்மேல் உட்காருது என்று சொல்லி, மனைவி பேச்சியம்மாள் வெள்ளி தவறாமல் அதற்கு நல்லெண்ணெய் தேய்த்திருக்கிறார். மேடு தேங்காய் அளவுக்கு வளர்ந்தது. போன திருவிழாவில் தண்டு அதன்மேல் நிற்காமல் வழுக்கி, சப்பரம் சாய்ந்துவிட்டது. விழவில்லை. ஆனால் சாய்ந்தது சாய்ந்ததுதான். சாமிக்கு இவன் தோள் பிடிக்கவில்லை என்று பேச்சு கிளம்பிவிட்டது. சித்திரைத் திருவிழாவுக்குள் முதுகு சரியானால் முன்தண்டு. இல்லையென்றால் அந்த இடம் வேறு ஆளுக்கு.

தை மாதம் ஒருநாள் காலை அவர் வந்து இறங்கினார். கூடவே பேச்சியம்மாள், சப்பரம் தூக்குகிறவர்களுக்கெல்லாம் மூத்தவரான கொம்பையா, இன்னும் இரண்டு ஆட்கள். கொம்பையா முன்தண்டின் இடது பக்கத்துக்காரர். யார் எங்கே நிற்பது என்று முடிவுசெய்கிறவர் அவர்தான். ஆஸ்பத்திரி என்ன சொல்லுகிறது என்று தன் காதால் கேட்டுப்போக வந்திருந்தார்.

டாக்டர் கையைச் சூடாக்கிக்கொண்டு தொட்டார். சாவி விழுந்தது. சுடலைமுத்து நாணல் மாதிரி வளைந்து எடுத்துக்கொடுத்தார். டாக்டர் கட்டிக்குள் ஊசியை விட்டு இழுத்துப் பார்த்தார், சீழ் இல்லை. கட்டியின் கீழ்ப்பாதி விரலுக்குக் கீழே வழுக்கி ஓடியது. நான் மனசுக்குள் "சாது" என்று சொல்லிவிட்டேன். ஆனால் டாக்டர் கண்ணைத் திறக்கவில்லை. மேல்பாதியில் தோல் நகரவே இல்லை. கட்டியோடு ஒட்டிக்கொண்டு கல்லாக நின்றது.

தோல் ஒட்டியிருந்தால் அது நல்ல அடையாளம் இல்லை. டாக்டர் சுற்றிவளைக்காமல் அவர்களிடம் சொன்னார். "கெட்ட கட்டியா இருந்தா மேல்தோல், அடியில இருக்கிற சதை எல்லாத்தையும் சேர்த்து அள்ளி எடுக்கணும். அப்புறம் அந்தத் தோள் சுமக்காது. நல்ல கட்டின்னா உள்ளே இருக்கிறதை மட்டும் உரிச்சு எடுத்திரலாம். எதுன்னு எனக்கு இப்போ சொல்லத் தெரியல."

ஒரு துண்டை வெட்டிக் கண்ணாடிச் சில்லில் வைத்துப் பூதக்கண்ணாடியில் பார்க்கிற வசதியெல்லாம் அப்போது எங்களிடம் இல்லை. விரல்தான் கண்ணாடி.

பேச்சியம்மாள்தான், "ஒட்டாம என்ன செய்யும் ஐயா? எத்தன வருசமா தண்டு அமுக்குது!" என்றார்.

டாக்டர் அவரைத் திரும்பிப் பார்த்தார். "தண்டு சரியா எங்கே உட்காருது?"

"அங்கனதான்."

"அங்கனன்னா?"

கூட வந்த நாலு பேரும் நாலு இடத்தைக் காட்டினார்கள். டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "காட்ட வேண்டாம். தூக்குங்க. ஒட்டியிருக்கிற இடமும் தண்டு உட்காருற இடமும் ஒண்ணா இருந்தா அது தண்டு செஞ்ச வேலை. வேற வேறயா இருந்தா கட்டி செஞ்ச வேலை."

எங்கள் ஆஸ்பத்திரி முற்றத்தில் அன்று நடந்ததை நினைத்தால் இப்போதும் எனக்குச் சிரிப்பு வருகிறது. இரண்டு நீள மூங்கில் கழிகளை வருவித்தோம். நடுவில் ஒரு நாற்காலியைக் கட்டினோம். வலது கழியின் அடியில் டாக்டரே விளக்குக் கரியையும் எண்ணெயையும் குழைத்துப் பூசினார். பாரம் வேண்டுமே? நான் அப்போது நல்ல கனம். "ஏ ஞானமுத்து, ஏறி உட்காரு" என்றார். ஏறி உட்கார்ந்தேன். நாலு பேரும் தூக்கினார்கள். முன்னால் சுடலைமுத்துவும் கொம்பையாவும், பின்னால் மற்ற இருவரும். முற்றத்தைச் சுற்றி வந்தோம். வராந்தாவில் இருந்த நோயாளிகளெல்லாம் எழுந்து நின்றுவிட்டார்கள். பாளையங்கோட்டையில் பல்லக்கில் போன டிரஸ்ஸர் நான் ஒருவன்தான்.

இறக்கினதும் டாக்டர் முதுகைப் பார்த்தார். கரி பதிந்திருந்தது தோளின் உச்சியில். ஒட்டியிருந்த இடம் அதற்குப் பின்னால், கீழே. இடையில் மூன்று விரல் வைக்கலாம். டாக்டர் கையைத் துடைத்துக்கொண்டார். அந்தத் துடைப்பின் அர்த்தம் எனக்குத் தெரியும். சுடலைமுத்துவுக்கும் புரிந்துவிட்டது, தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தில் பொத்திக்கொண்டார்.

பேச்சியம்மாளுக்கு ஆங்காரம் வந்துவிட்டது.

"இதா சப்பரம் தூக்குத நடை? பிணத்தத் தூக்கிட்டுப் போற மாதிரில்லா நடந்தாக! சாமி வாறப்போ இப்படியா நடப்பிய? தலையக் கவுத்தி, குலுக்கி ஆடிட்டுல்லா வருவிய. சொல்லும் கொம்பையாண்ணே, வாயில என்ன கொழுக்கட்டையா?"

கொம்பையா மீசையைத் தடவினார். "ஆடத்தான் செய்வோம். அதுக்காவ மனுசனத் தூக்கிட்டு ஆட முடியுமாம்மா? சாமிக்கு ஆடுத கால் இது. இந்த டிரஸ்ஸருக்கா ஆடணும்?"

"நான் என்னவே குறைஞ்சு போனேன்?" என்றேன் நாற்காலியில் இருந்தபடி.

"நீரு இறங்கும்வே முதல்ல" என்றார் கொம்பையா.

டாக்டர் சிரிக்கவில்லை. கொம்பையாவின் பக்கத்தில் போய் நின்று கேட்டார்: "ஆடும்போது தண்டு இடம் மாறுமோ?"

"மாறாம? தலையக் கவுத்தினா தோள்ல இருந்து பின்னால இறங்கிரும். முதுகுமேல வந்து உக்காரும்."

"சாமியைத் தவிர வேற எதுக்காவது ஆடுவீங்களா?"

கொம்பையா மற்ற இருவரின் முகத்தையும் பார்த்தார். பிறகு, "அபிசேகத்துக்கு ஆத்துத் தண்ணி எடுத்து வாறப்போ ஆடுவோம்" என்றார்.

எங்கள் ஆஸ்பத்திரிக்குத் தண்ணீர், அவர்கள் ஊர் வழியாக ஓடிவருகிற அதே தாமிரபரணியிலிருந்துதான் வண்டியில் வரும். நான் சொல்லவேண்டிய அவசியமே இல்லாமல் அது எல்லாருக்கும் ஒரே நேரத்தில் தோன்றிவிட்டது. என்னை இறக்கிவிட்டு, பெரிய அண்டா ஒன்றில் ஆற்றுத் தண்ணீரை நிரப்பி நாற்காலியில் வைத்துக் கட்டினார்கள். சுடலைமுத்துவின் முதுகைத் துடைத்து, கழிக்குப் புதுக் கரி பூசினோம். கொம்பையா கிழக்கே திரும்பித் தண்ணீரைக் கும்பிட்டார். மேளத்துக்கு எங்கே போவது? சமையற்காரர் ஒரு காலி மண்ணெண்ணெய்த் தகரத்தைக் கொண்டுவந்து இரண்டு கரண்டியால் கொட்டினார். மனுஷன் என்னை மாதிரி வேதக்காரர்தான், கிறிஸ்தவர், ஆனால் கை வாகாகக் கொட்டியது.

ஆடினார்கள். தூக்கின தோளே வேறு மாதிரி ஆகிவிட்டது. தலை கவிழ்ந்தது, கால் இடறாமல் குலுங்கியது, அண்டாத் தண்ணீர் தளும்பி நாலு பேர் முதுகிலும் வழிந்தது. சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டிலிருந்து பாதிரியார் ஓடிவந்து, "ஆஸ்பத்திரிக்குள்ளே என்ன திருவிழா இது?" என்றார். டாக்டர் அவர்களையே பார்த்தபடி, "நோய் பார்க்கிறேன் ஐயா" என்றார். பாதிரியார் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுப் போய்விட்டார். அவர் விரல் கைத்தடியில் தாளம் போட்டதை நான் கவனித்தேன்.

இறக்கினார்கள். எண்ணெய்க் கரியைத் தண்ணீர் கரைக்கவில்லை. ஒட்டிக் கல்லாகியிருந்த இடத்தின்மேல், எதைக்கொண்டோ அளந்து வரைந்த மாதிரி, கரி பட்டையாகப் படிந்திருந்தது. டாக்டர் கையை மறுபடி சூடாக்கிக்கொண்டு, கண்ணை மூடி, கரியின் ஓரம் முழுக்க விரலை ஓட்டினார். கண்ணைத் திறந்தார்.

"சாது."

பேச்சியம்மாள் முற்றத்திலேயே உட்கார்ந்துவிட்டார்.

அறுக்கிற நாளில் என் வேலை தொடங்கியது. வெறும் வயிறாக இருக்கிறாரா என்று கேட்டேன். வாயில் வெற்றிலை அடக்கியிருக்கிறாரா என்று விரலை விட்டுத் துழாவினேன். ஆம் என்று ஒத்துக்கொண்டவன் இதுவரை ஒருவனும் இல்லை, ஆனால் பாதிப் பேர் வாயில் இருக்கும். அவர் வாயிலும் இருந்தது. மூக்கிலும் உதட்டிலும் மருந்து சுடாமலிருக்க வாஸ்லின் தடவினேன். முகமூடியான கம்பிக்கூட்டில் லின்ட் என்கிற மெத்தென்ற துணியைப் போர்த்தி, முகத்துக்கு மேலே தூக்கிப் பிடித்துக் குளோரோபாரத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டேன். ஒன்று, இரண்டு எண்ணச் சொல்கிறவர்கள் உண்டு. நான் வந்த வழியில் ரயில் நின்ற ஊர்களைச் சொல்லச் சொல்வேன். எண்ணத் தெரியாதவருக்கும் வந்த வழி தெரியும். "கல்லிடைக்குறிச்சி… வீரவநல்லூர்… சேரன்…" மகாதேவி வரவில்லை. உறங்கிவிட்டார்.

முதுகுக் கட்டியில் கஷ்டம் என்னவென்றால் ஆளை மல்லாக்கப் போட முடியாது. ஒருக்களித்துப் போட்டு, நெஞ்சுக்குக் கீழே தலையணை கொடுத்து, தாடையை என் உள்ளங்கையில் தாங்கிப் பிடிக்க வேண்டும். நாக்கு பின்னால் விழுந்தால் தீர்ந்தது. ஒரு கையில் தாடை, ஒரு கையில் குப்பி, காதில் மூச்சு. தாடைக்குள்ளிருந்து நாடி விரலில் அடித்துக்கொண்டிருக்கும். இப்படி நிற்பதற்கு மதராஸ் படிப்பு தேவையில்லை. மாடு மாதிரி முதுகு வேண்டும், அது என்னிடம் இருந்தது.

டாக்டர் அயோடின் தடவி, கரிப்பட்டை இருந்த இடத்துக்குக் கீழே, அதைத் தொடாமல், பிறை மாதிரி ஒரு கீறல் போட்டார். கீழ்ப்பாதி நுங்கெடுக்கிற மாதிரி வந்தது. ஆள்காட்டி விரலை உள்ளே விட்டுச் சுற்றினார். மஞ்சள் மஞ்சளாகக் கட்டி தன் உறையோடு கழன்றது. மேல்பாதிக்கு வந்ததும் விரல் நின்றது. ஒட்டின தோலைக் கட்டியிலிருந்து உரிக்க வேண்டும். கத்தி நுனியால், பூ இதழைப் பிரிக்கிற மாதிரி. அவசரப்பட்டால் தோல் ஓட்டையாகிவிடும்.

"ஞானமுத்து," என்றார், தலையை நிமிர்த்தாமல். "தோலோட சேர்த்து வெட்டினா இப்பவே முடிச்சிரலாம். உரிக்கணும்னா நேரமாகும். அதுவரைக்கும் உறக்கத்துல வச்சிருப்பியா?"

தோலோடு வெட்டினால் காய்ப்பு போய்விடும். காய்ப்பு இல்லாத தோளை முன்தண்டில் யார் சேர்ப்பார்கள்? அது டாக்டருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நான் மூச்சைக் கேட்டேன். நாடியைப் பார்த்தேன்.

"வச்சிருக்கேன் ஐயா. உரியுங்க."

உரித்தார். அறையில் கத்தி படுகிற சத்தம்கூட இல்லை. பாதி வந்திருக்கும்.

"ஞானமுத்து அவர்களே, ரத்தம் கறுக்குது."

அதற்கு முன்பே என் காதில் மூச்சு கரகரத்திருந்தது. முகமூடியைத் தூக்கி எறிந்தேன். தாடையை முன்னால் இழுத்தேன். போதவில்லை. வாயைத் திறந்து இடுக்கியால் நாக்கைப் பிடித்து வெளியே இழுத்தேன். நெஞ்சு அசையவில்லை. விலாவில் கையை வைத்து அழுத்திவிட்டேன், மறுபடி அழுத்திவிட்டேன். உள்ளேயிருந்து ஒரு குறட்டை மாதிரி வந்தது. பிறகு மூச்சு. பிறகு இன்னொரு மூச்சு.

"சிவக்குது" என்றார் டாக்டர். கத்தி அவர் கையில் அசையாமல் இருந்தது. "நிறுத்தவா?"

"வேண்டாம் ஐயா. இப்போ ஆள் என் கையில இருக்காரு."

அப்படிச் சொல்ல எத்தனை பேருக்குத் தைரியம் வரும்? சொன்னேன். சொன்னபடி வைத்திருந்தேன். டாக்டர் கடைசி ஒட்டையும் உரித்து, கட்டியை முழுசாகத் தட்டில் போட்டு, ஆட்டுக்குடல் நரம்பு நூலால் உள்ளே ரத்தக்குழாய்களை முடிந்து, பட்டு நூலால் மேலே தைத்தார். தோலில் ஓர் ஓட்டை இல்லை. கையைக் கழுவிக்கொண்டே, "ஏ ஞானமுத்து, காப்பி குடிச்சியா?" என்றார். அவர் வாயிலிருந்து வருகிற பாராட்டு அவ்வளவுதான்.

காயம் பழுக்காமல் ஆறியது. சித்திரையில் லீவு கேட்டுக்கொண்டு அந்த ஊருக்குப் போனேன். எங்கள் சபையில் யாரிடமும் எங்கே போகிறேன் என்று சொல்லவில்லை.

சப்பரம் பூ அலங்காரத்தோடு கோயில் வாசலில் இருந்தது. ஆட்கள் இரண்டு பக்கமும் கூடியிருந்தார்கள். கத்தி பட்ட முதுகு இனி முன்தண்டுக்கு ஆகாது, அறுத்தபோது காய்ப்பும் போயிருக்கும், புது ஆள் மாதிரி பின்னாலிருந்துதான் தொடங்கணும் என்று இரண்டு மூன்று பேர் எனக்குக் கேட்கும்படியாகவே பேசினார்கள். அவர்களில் ஒருவன் இடுப்பில் துண்டை இறுக்கிக்கொண்டு வலது தண்டுக்குப் பக்கத்தில் தயாராகவே நின்றான். சுடலைமுத்து சட்டையில்லாமல் தள்ளி நின்றார். கண் தரையில் இருந்தது.

கொம்பையா அவரைக் கூப்பிட்டார். எல்லார் முன்னாலும் அவரைத் திருப்பி நிறுத்தி, முதுகில் உள்ளங்கையை வைத்தார். பைய மேலே ஏற்றினார். பிறை வடுவில் கை நின்றது.

"இது கத்தி" என்றார்.

கையை இன்னும் மேலே கொண்டுபோனார். கட்டைவிரலால் அமுக்கினார், தேய்த்தார், மறுபடி அமுக்கினார். தோல் தடித்து, மாட்டின் நுகத்தழும்பு மாதிரி அப்படியே இருந்தது. ஆனால் இப்போது அது விரலுக்குக் கீழே தனியாக நகர்ந்தது.

"இது தண்டு" என்றார்.

பிறகு வலது தண்டின் பக்கத்தில் நின்றவனைப் பார்த்து, "ஏலே, நீ பின்னால போ" என்றார். சுடலைமுத்துவிடம், "நேரமாகுதுவே. தலையக் கொடும்" என்றார்.

மேளம் விழுந்தது. அவர் குனிந்து தலையைக் கொடுத்தார். நான் தண்டு எங்கே உட்காருகிறது என்று பார்க்க ஆசைப்பட்டு, ஆட்களை விலக்கிக்கொண்டு வெகு கிட்டத்தில் போய்விட்டேன். பேச்சியம்மாள் என் கையைப் பிடித்துப் பின்னால் இழுத்தார்.

"தள்ளி நில்லுங்க டிரஸ்ஸர் ஐயா," என்றார். "தலையக் கவுத்திட்டா இனி இவுகளுக்குக் கண்ணு தெரியாது. மிதிச்சிருவாக."